பட்டன் அமுக்கப்படவில்லை

வாங்குகிற சாமானோடு பெட்டிக்குள் மடித்து வைத்து வரும் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த மனிதர் திருச்சி ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஆறு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அதனால் இதை அடித்துச் சொல்வேன்.

தலைவலி மாத்திரை வாங்கினால் நாமெல்லாம் மாத்திரையை விழுங்குவோம். அவர் மாத்திரையோடு வந்த தாளைப் படிப்பார். படித்து முடிப்பதற்குள் தலைவலி போய்விடும், மாத்திரை டிராயரில் கிடக்கும். அவர் வீட்டில் மிக்ஸி வாங்கியபோது, மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று தாளில் போட்டிருந்ததாம். மாமி தேங்காய் அரைக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மூன்றாவது நிமிடம் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவாராம். பதினைந்து நாள் பார்த்துவிட்டு மாமி அம்மிக்கே திரும்பிப் போய்விட்டார். "மிக்ஸி மேல தப்பே கிடையாது. பொறுமை வேணும்" என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு ஆபீசில் 'மேனுவல்' என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? நான் சேர்வதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டார்கள். அவர் ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதிக்காரர். சொந்தப் பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளம். அதனால் அவரும் மேனுவலுக்குச் சம்மதித்துவிட்டார். போனில்கூட, "மேனுவல் பேசறேன், சொல்லுங்கோ" என்பார். அதன் விளைவாக, அவர் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டவர்கள் எல்லோரும் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். டிசம்பர் வந்தால் அவர் பெயருக்குப் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். ஒரு வருடம் கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு அதிகாரி கேக்கே அனுப்பிவிட்டார். முட்டை போட்ட கேக். மேனுவல் அதைத் தொடாமல், தட்டோடு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து, கேக் மிக அருமை என்று எல்லோரும் சொன்னதாக நன்றிக் கடிதம் எழுதினார். அதில் ஒரு பொய்யும் இல்லை பாருங்கள்.

எங்கள் ஒர்க்ஷாப் காட்டூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் இருந்தது. திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைக்கு இரும்புச் சாமான்கள் செய்து கொடுக்கும் சின்ன இடம். முன்னால் ஆபீஸ், நடுவில் மைதானம் போல ஒரு முற்றம், அந்தப் பக்கம் வெல்டிங் ஷெட். ஆபீசில் நாங்கள் மூன்று பேர். டைப்பிஸ்டாக நான், கணக்குப் பார்க்கும் ஸ்டெல்லா அக்கா, போனும் தபாலும் பார்க்கும் மேனுவல். எனக்கு இருபத்து மூன்று வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

முதலாளி எந்நேரமும் ஷெட்டில்தான் இருப்பார். தொழிற்சாலையிலிருந்து போன் வந்தால், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்கோ" என்று சொல்லிவிட்டு மேனுவல் முற்றத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். முதலாளி வந்து சேர்வதற்குள் எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு ஓட்டம். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான், எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், சிங்கப்பூரிலிருந்து வந்த முதலாளியின் மைத்துனர் ஒரு கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்து இறக்கினார்.

ஆபீஸ் முழுக்க அதைச் சுற்றி நின்றது. வயர் வரும் ஜன்னல் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்ததால், போனின் பெட்டியை என் மேஜை ஓரத்தில் வைத்தார்கள். அதன் மேல் செங்கல் அளவுக்கு ஒரு ஹேண்ட்செட். இழுத்தால் முழ நீளத்துக்கு வரும் ஏரியல். முதலாளி ஹேண்ட்செட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்கோ" என்றார் மேனுவல். அதற்குள் அவர் கையில் காகிதம் இருந்தது. "பதினாறு மணி நேரம் சார்ஜ் ஏறணும்னு போட்டிருக்கு."

"சும்மா ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன் மேனுவல் சார்."

"முதல் தடவை அரைகுறையா ஏத்தினா ஆயுசுக்கும் அரைகுறையாத்தான் ஏறும். நாளைக்குக் காத்தால பேசலாம்."

முதலாளி கையை இழுத்துக்கொண்டார். தன் போனைத் தொடத் தன் ஆபீசில் காத்திருந்த முதலாளியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் காகிதத்தில், கோளாறு வந்தால் என்ன செய்வது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். மேனுவல் ஒரு வாரம் உட்கார்ந்து அதைத் தமிழாக்கி, என்னிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்லி, சுவரில் ஒட்டினார். ஹேண்ட்செட்டை வைக்கும் இடத்துக்கு இங்கிலீஷில் 'கிரேடில்' என்று இருந்தது. அவர் தயங்காமல் தொட்டில் என்று எழுதிவிட்டார். 'கருவி பேச்சு மூச்சின்றி இருந்தால் தொட்டிலில் கிடத்தவும். கிடத்தியும் விளக்கு எரியாவிட்டால் கருவியின் அடியிலுள்ள இரண்டு பித்தளைப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கவும். இரைச்சல் கேட்டால் ஏரியலை முழுவதும் இழுக்கவும். அப்படியும் கேட்டால் பெட்டியின் பக்கம் நடந்து வரவும்.' ஷெட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, "கொழந்தை தூங்குதுங்களா சார்?" என்று கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "இப்பத்தான் கிடத்தினேன். சத்தம் போடாதீங்கோ" என்பார்.

எவ்வளவு தூரம் வரை பேச்சு தெளிவாக இருக்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். அடிக் கணக்கைக் குறித்துக்கொள்ள ஸ்டெல்லா அக்காவை ஆபீசில் உட்கார வைத்து, பக்கத்து மரக்கடை போனிலிருந்து ஒருவரைப் பேசவிட்டு, ஹேண்ட்செட்டைக் காதில் வைத்தபடி முற்றத்தில் அடி அடியாக நடந்தார். எண்பத்து நான்காவது அடியில் இரைச்சல் ஆரம்பித்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். முதலாளிக்குப் பேச்சு சூடு பிடித்தால் நடக்கும் பழக்கம். தொழிற்சாலை அதிகாரியோடு பேசிக்கொண்டே அவர் கோட்டை நெருங்குவார். மேனுவல் ஜன்னலிலிருந்து, "சார், கோடு, கோடு" என்பார். முதலாளி கபடி ஆட்டக்காரர் மாதிரி கோட்டின் மேல் ஒரு காலை வைத்துத் திரும்பிவிடுவார்.

கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும் என்பதால் பழைய கறுப்பு போனையும் பத்திரமாகத் துடைத்து வைத்திருந்தார். வெல்டிங் நடக்கும்போது கரகரக்கும் என்பதால், முக்கியமான போன் வந்தால் ஷெட்டைப் பார்த்துப் பச்சைத் துணியை ஆட்டுவார். வெல்டர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மொத்தத்தில் அந்தப் போன் சிங்கப்பூரில் இருந்திருந்தால்கூட இவ்வளவு சுகமாக இருந்திருக்காது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் உண்டு. அதை அமுக்கினால், ஹேண்ட்செட் எங்கே இருந்தாலும் 'கீ கீ' என்று கூவும். எங்கேயாவது வைத்துவிட்டு மறந்தவர்கள் தேடிக் கண்டுபிடிக்க. ஒரு நாள் நான் பைலை நகர்த்தும்போது முழங்கை அதில் பட்டுவிட்டது. அப்போது மேனுவல் முற்றத்தின் நடுவில் ஹேண்ட்செட்டோடு போய்க்கொண்டிருந்தார். அது கூவியதும் அப்படியே நின்றார். ஹேண்ட்செட்டைக் காதில் வைத்தார். எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். குலுக்கினார். பிறகு, இடுப்பு மடிப்பிலிருந்து காகிதத்தை எடுத்து, உச்சி வெயிலில் நின்று படிக்க ஆரம்பித்தார்.

ஷெட் வாசலில் நின்ற வெல்டர் செல்வராஜ் இதைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மேனுவல் திரும்பி வந்து, முறையாக முதல் காரியத்தை முதலில் செய்தார். என் மேஜைக்கு வந்து, "இந்த பட்டனை அமுக்கினேளா?" என்று கேட்டார்.

"இல்லையே சார்" என்றேன்.

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழங்கை பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால், அவரும் சிரித்திருப்பார், அதோடு முடிந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டு, டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் நான் வேண்டுமென்றே அமுக்கினேன்.

அதற்கப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. மேனுவல் தனியாக ஹேண்ட்செட்டோடு முற்றத்தில் போகும்போது மட்டும் அமுக்குவேன். முதலாளி கையில் இருக்கும்போது தொடமாட்டேன். செல்வராஜ் ஷெட் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான். ஒரு முறை அவனிடம் மேனுவல், "இப்ப ஒரு சத்தம் வந்துதே, கேட்டுதா?" என்று கேட்டார். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "சத்தமா? ஒண்ணும் கேக்கலீங்களே சார்" என்றான். என்னிடம் வந்து கேட்டார். "எனக்கும் கேக்கல சார்" என்றேன். மாலையில் டீக்கடையில் அதை நடித்துக் காட்டி இன்னொரு தடவை சிரித்தோம்.

மேனுவல் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதினார். தேதி, மணி, எங்கே நின்றார், ஷெட்டில் எத்தனை வெல்டிங் நடந்தது, காற்று எந்தப் பக்கம். ரப்பரால் பித்தளைப் புள்ளிகளைத் தேய்த்துத் தேய்த்து அவை தங்கம் மாதிரி மின்னின. கடைசியில், வெல்டிங் மிஷினால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். ஆனால் அதை நிரூபிக்க, ஷெட் முழுவதும் ஓய்ந்திருக்கும் நாள் ஒன்று வேண்டும்.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்களுக்கு லீவு. மறுநாள் காலை வாட்ச்மேன் சொன்னார்: "நேத்து மேனுவல் சார் வந்திருந்தாருங்க. பொழுது விடியறதுக்குள்ள வந்துட்டாரு. ரெண்டு மணி வரைக்கும் அந்தப் போனைக் கையில வெச்சிக்கிட்டு நடந்துகிட்டே இருந்தாரு. பட்டினி வேற."

ஸ்டெல்லா அக்கா கிறிஸ்தவர். ஆனால் திருச்சியில் பிறந்தவர் யாருக்கும் ஸ்ரீரங்கத்தில் அது என்ன நாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "என்ன சார் இது, சொர்க்கவாசலை விட்டுட்டா இங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"கூட்டம் சேந்துட்டா ஊரை விட்டு வெளில வர முடியாது. அதான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்" என்றார் மேனுவல். "வாசல் பத்து நாளும் திறக்கத்தானே போறா. இன்னிக்கு சாயந்திரம் சேவிச்சுக்கறேன்." பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கு நினைவு தெரிஞ்சு முதல் நாள் விட்டதில்லை" என்றார்.

நான் டைப் மிஷினில் தாளைச் சொருகிக்கொண்டிருந்தேன். தாள் கோணலாகவே போனது.

லீவு நாளில் ஒரு சத்தமும் வரவில்லை என்பதால் அவருக்கு ஒரே சந்தோஷம். முதலாளியிடம் கெஞ்சி, மறுநாள் பத்து நிமிடம் எல்லா வெல்டிங் மிஷினையும் நிறுத்தச் சொன்னார். அப்போதும் சத்தம் வராவிட்டால் விஷயம் ருசுவாகிவிடும். மிஷின்கள் நின்றன. எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். மேனுவல் ஹேண்ட்செட்டோடு மெதுவாக முற்றத்தில் நடந்தார். அன்று நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் ஷெட் வாசலிலிருந்து செல்வராஜ் புருவத்தைத் தூக்கினான்.

அமுக்கினேன். ஒரே ஒரு விநாடி.

தூரத்தில் நின்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. மேனுவலுக்குக் கேட்டது. அவர் முகம் எப்படி ஆயிற்று என்பது ஜன்னல் வழியே எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலாளி, "என்ன சார், ஏதாவது கேட்டுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் மேனுவல். அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. போன் வந்தால் எடுப்பார், ஆனால், "சரியா கேட்டுதா உங்களுக்கு? திருப்பிச் சொல்றேளா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வார். பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா அக்கா என்னிடம் வந்து, "தம்பி, இதை டைப் அடிக்கணுமாம். முதலாளி குடுத்தாரு. அவருக்கும் ஒண்ணும் புரியல" என்று ஒரு தாளைக் கொடுத்தார். மேனுவலின் குண்டு குண்டான கையெழுத்து. தன் காது முன்போல இல்லை என்றும், ஆபீசின் முக்கியமான பேச்சுகள் தன்னால் கெட்டுவிடக் கூடாது என்றும், அதனால் தன்னைப் போன் வேலையிலிருந்து எடுத்துவிடும்படியும், வேறு வேலை இல்லாவிட்டால் நின்றுகொள்வதாகவும் எழுதியிருந்தார்.

நான் அதை டைப் அடிக்கவில்லை. அன்று அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். "கேட்டுது" என்று மேனுவலின் குரல். கொஞ்சம் மெதுவாக இன்னொரு 'டிங்'. "கேட்டுது." எட்டிப் பார்த்தேன். கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. அடுக்களையில் மாமி ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, இன்னும் எத்தனை தடவை தட்டணும்? சாம்பார் பொங்கறது" என்றார் மாமி.

"இன்னும் பத்து" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "அடடே, வாங்கோ, வாங்கோ. யாரு வந்திருக்கா பாரு."

மாமி டம்ளரும் கையுமாக வந்தார். நான் யார் என்று சொன்னதும், "நீங்கதானா? உங்களைப் பத்திச் சொல்லிண்டே இருப்பார். ஆபீஸ்ல இவரைக் கேலி பண்ணாத ஒரே பிள்ளை நீங்கதானாமே" என்றார். காபி போட உள்ளே போனார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

மேனுவல் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "தில்லைநகர்ல ஒரு காது டாக்டர்கிட்ட காமிச்சேன். காது ரொம்ப நன்னா இருக்குங்கறார்."

"அப்ப நல்லதுதானே சார்."

"நல்லது எப்படி? காதுல கோளாறு இல்லைன்னா, காதுக்கு உள்ள இருக்கறதுலதானே கோளாறு?" அடுக்களையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எங்க அண்ணாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. யாருமே இல்லாத போது யாரோ கூப்பிடறான்னு சொல்வார். அப்பறம் ரொம்பக் கஷ்டப்பட்டார். எனக்கு இந்த பயம் இருக்கறது அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்கோ."

இதற்கு மேல் ஒரு நிமிடம்கூட என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். எழுந்தேனே தவிர எங்கே போவது?

"சார், அந்தப் பட்டனை அமுக்கினது நான்தான்."

"எந்தப் பட்டன்?"

"என் மேஜைல இருக்கற பெட்டியில. எல்லாத் தடவையும் நான்தான் சார்."

 அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். நான் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது. 'காரணம் 1: பட்டன். அமுக்கப்படவில்லை. விசாரித்தாயிற்று.' பக்கத்தில் என் பெயர். அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அடித்திருந்தார். இரண்டு மாதம் அவர் ஓடியது, நடந்தது, பட்டினி கிடந்தது எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்புறம்தான்.

"விசாரிச்சேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை இப்போதுகூட அதே குரலில் என்னால் கேட்க முடிகிறது.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாலாம் தேதி, பதினொண்ணு பத்து?"

"நான்தான் சார்."

"ஆறாம் தேதி, மூணே கால்?"

"நான்தான்."

ஒன்று விடாமல் கேட்டார். முப்பத்தொன்று இருந்தன. மிஷினை நிறுத்திய நாளுக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் டிக் அடித்தார். மாமி காபியை வைத்துவிட்டு, ஆபீஸ் கணக்கு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பதினெட்டாம் தேதி, நாலு மணி?"

யோசித்தேன். "அன்னிக்கு நான் லீவு சார். செல்வராஜும் வரல. ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்."

மேனுவல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காகிதத்தை எடுத்து விரலை ஓட்டினார். "இருக்கே. சார்ஜ் இறங்கிப்போனா கருவி தானே ஒரு தடவை கூவும்னு போட்டிருக்கே. அன்னிக்கு மத்தியானம் பூரா கரண்ட் இல்லை." நோட்டில் எழுதிக்கொண்டார். "அப்ப ஒண்ணே ஒண்ணுதான் நிஜமான சத்தம். அதுக்கும் காரணம் இருக்கு."

இரண்டு மூன்று தடவை அதையே சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏன் பண்ணினேள்?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்விக்கு நாலைந்து பதில் தயார் செய்திருந்தேன். வயசு, சகவாசம், விளையாட்டுப் புத்தி. 

"சிரிப்பா இருந்துது சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொள்வாரோ என்று பயந்தேன். எழுதவில்லை. நோட்டை மூடி வைத்தார். "காபி ஆறிடும், குடிங்கோ" என்றார். பிறகு அடுக்களையைப் பார்த்து, "இனிமே தட்ட வேண்டாம்" என்றார்.

"ஏன், சரியாயிடுத்தா?" என்று கேட்டார் மாமி.

"சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

பாக்கெட்டில் இருந்த அவர் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மாமியிடம் சொல்லிவிடுவாரோ, முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நிலைமையிலும் என்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

திங்கட்கிழமை அவர் முதலாளியிடம், "போன் கோளாறு சரியாயிடுத்து. அந்த லெட்டரை மறந்துடுங்கோ" என்றார்.

"என்ன கோளாறு சார் அது?"

"லூஸ் கனெக்‌ஷன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டெல்லா அக்காவுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. செல்வராஜிடம் மட்டும் அண்ணா சமாசாரத்தைச் சொன்னேன். அவன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே, முற்றத்தில் மழைக்கு அழிந்துபோயிருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். மேனுவல் அவனிடம், காயும் வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துக் காட்டினார்.

என்னிடம் அவர் எப்போதும்போலத்தான் பேசினார். சுவரில் ஒட்டிய கட்டத்தில், சார்ஜ் இறங்கினால் கருவி தானே கூவும் என்று ஒரு வரி சேர்க்க என்னிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். அடுத்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் வந்தபோது எனக்குத்தான் முதலில் காட்டினார். ஒரே ஒரு மாற்றம். முற்றத்துக்குப் போக ஹேண்ட்செட்டை எடுக்கும்போது, எடுப்பதற்கு முன் ஒரு கணம் என் கைகளைப் பார்ப்பார். குத்திக்காட்ட அல்ல. அவருக்கே தெரியாமல் கண் அங்கே போகும், உடனே திரும்பிவிடும். எனக்கு அது கன்னத்தில் அறைவதை விட மோசமாக விழும்.

ஒரு நாள் ஏதோ தோன்றி, அவர் ஹேண்ட்செட்டை எடுக்க வந்ததும், டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் அவர் பார்க்கும்படி மேஜை மேல் விரித்து வைத்தேன். அவர் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. "ஏன் தம்பி, அவரு வந்தா மட்டும் ரேகை பாக்கிறவன்கிட்ட காமிக்கிற மாதிரி கையை வெக்கிற?" என்று ஸ்டெல்லா அக்கா கேட்பார். விரல் வலிக்கிறது என்பேன்.

இப்படி ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து அவசரமாகப் போன். முதலாளி ஷெட்டில் இருந்தார். மேனுவல் வந்து, எதிர்ப்பக்கத்துக்காரரோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டே ஏரியலை இழுத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டார். முற்றத்தில் அவர் வேட்டி நுனி காற்றில் ஆடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. முதலாளி பேசி முடித்து, அவர் ஹேண்ட்செட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்வரை, என் கைகளை நான் மேஜை மேலிருந்து எடுக்கவில்லை.